நாற்பத்தோராம் அடி

தார் எஸ் சலாம்
11 ஜனவரி 1998

அன்புள்ள அம்பரோவுக்கு,

சமதர் எழுதுகிறேன். உனக்கும் உன் வீட்டாருக்கும் அமைதியும் நலமும் உண்டாகட்டும். பதினேழு வருடங்களுக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்துவிடாதே. எல்லோரும் இருக்கிறார்கள். எனக்கு முட்டிவலியும் வழுக்கையும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான் செய்தி.

உன் கணவர் ஹிர்சி காலமானதை இரண்டு வருடம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும். விவாகரத்து செய்துவிட்டுப் போனவன் இரங்கல் எழுதினால் உனக்கு எப்படி இருக்குமோ என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது தப்பு. அவரைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே சொன்னார்கள்.

சுற்றி வளைத்தால் உனக்குக் கோபம் வரும், எனவே நேராக வருகிறேன். நம் ஹர்கெய்சா வீட்டில் உட்கார்ந்து நான் எழுதிக்கொண்டே இருந்த ஆய்வு 'உடைந்த மோனை' என்ற பெயரில் புத்தகமாக வந்தது. நம் புராவோ பக்கம் ஒருகாலத்தில் இருந்த ஆங்கிலேய அதிகாரியின் குறிப்பேட்டில் கிடைத்த ஒரு பாட்டைப் பற்றியது அது. பாடியவள் பெயர் அதில் இல்லை. 'ஒரு நாட்டுப்புறப் பெண்' என்று மட்டும் இருக்கிறது. அதிகாரிக்கு மொழிபெயர்ப்பாளராக நின்று, பாட்டை நம் மொழியிலேயே அடி அடியாகச் சொல்லி எழுத வைத்தவர் என் தாத்தா அவாலே. மொத்தம் முப்பது அடி. எல்லா அடியும் 'ந'வில் தொடங்குகிறது, ஏழு அடி மட்டும் 'ம'வில்.

எடுத்த எழுத்தைக் கடைசி அடிவரை விடக்கூடாது என்பது ஒட்டகம் மேய்க்கிற பிள்ளைக்கும் தெரிந்த விதி. அந்த ஏழு அடியில் அவள் வேண்டுமென்றே விதியை உடைத்தாள், பேரரசின் முகத்துக்கு நேராக நின்று மோனையை முறித்ததுதான் அவளுடைய கலகம் என்று நான் எழுதினேன். வெள்ளைக்காரன் போனபிறகும் அவன் விட்டுப்போன காகிதங்களில் நம் குரல் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் எங்கள் துறை. பின்காலனிய ஆய்வு என்று பெயர். அந்தத் துறையில் என் வாதம் பெரிதாகப் பேசப்பட்டது. இந்தப் பல்கலைக்கழக வேலையே அதனால் கிடைத்ததுதான்.

போன மாதம் வகுப்பில் நீமா என்ற மாணவி எழுந்தாள். அவள் அம்மா நம் பக்கத்து ஒட்டகக்காரி. "சார், எங்கம்மா மாட்டைத் திட்டுனாக்கூட எழுத்து மாறாது. இவ்வளோ அழகா பாடுனவங்க ஏழு எடத்துல ஏன் தடுமாறணும்? யாரோ நடுவுல கைய வச்சிருக்காங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன்.

மறுநாள் பேருந்துக்கு நிற்கும்போது என் வாய் தானாக ஒரு மெட்டை முணுமுணுத்தது. அந்தப் பாட்டின் மெட்டு. ஆனால் வந்த சொற்கள் குறிப்பேட்டில் இல்லை: 'நாற்காலி போட்டு என் நிலத்தில் உட்கார்ந்தவனே.' இதை எங்கே கேட்டேன் என்று யோசித்து யோசித்து, இரண்டு பேருந்தைத் தவறவிட்டேன். பிறகு வாசனை நினைவுக்கு வந்தது. புளித்த மாவின் வாசனை. நீ காலையில் லஹோ அப்பம் சுடும்போது பாடுவாயே, அது.

அம்பரோ, உனக்கு அந்தப் பாட்டு தெரியுமா? செப்டம்பரில் டக்காரில் ஒரு மாநாடு. ஆப்பிரிக்காவின் கண்ணால் பேரரசுக்குப் பிந்தைய இலக்கியத்தைப் பார்ப்பது என்று தலைப்பு, தொடக்க உரை என்னுடையது. அதற்குள் தெரிந்தாக வேண்டும். ஞாபகம் இருக்கிற அளவு எழுதி அனுப்பு. கால்நடைத் தரகர் ஜிப்ரிலிடம் கொடுத்தால் மொம்பாசா வழியாக எனக்கு வந்துவிடும்.

பதிலை எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் எதிர்பார்க்கிறேன்.

சமதர் லிபான் அவாலே

•

புராவோ
20 பிப்ரவரி 1998

மதிப்புக்குரிய பேராசிரியருக்கு,

அம்பரோ எழுதுவது. உங்களுக்கும் அமைதி உண்டாகட்டும். முட்டிவலிக்கு எள்ளெண்ணெய் தடவுங்கள். வழுக்கைக்கு என்னிடம் மருந்து இல்லை.

கடிதத்தை என் தையல் கடையில் எல்லோர் முன்னாலும்தான் ஜிப்ரில் நீட்டினார். "என்னம்மா, கண்ணாடிக்காரர் மறுபடி கடுதாசி போட ஆரம்பிச்சிட்டாரா? இந்த வயசுலயா?" என்று கேட்டார். துணி தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் மூன்று நாள் அதையே பேசினார்கள். உங்கள் பட்டப்பெயர் ஊரில் இன்னும் கண்ணாடிக்காரர்தான், சந்தோஷப்படுங்கள்.

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல்முறை சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை கோபம் வந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஹர்கெய்சா வீட்டில் உங்கள் மேசை சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தது. ஒருநாள் காலை நீங்கள் உள்ளே எட்டிப் பார்த்து என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "அம்பரோ, கொஞ்ச நேரம் வாயை மூடேன். நம்ம பொம்பளைங்களோட மௌனத்தைப் பத்தி எழுதிட்டிருக்கேன், பாட்டு காதுல விழுந்துட்டே இருக்கு."

நான் வாயை மூடினேன். அந்த வீட்டில் இருந்தவரை மறுபடி திறக்கவில்லை. பெண்களின் மௌனத்தைப் பற்றி நீங்கள் முந்நூறு பக்கம் எழுதி முடித்தீர்கள். அடுத்த அறையில் நான் நிறுத்திய பாட்டும் உங்கள் குறிப்பேட்டுப் பாட்டும் ஒன்றே.

மறைந்த ஹிர்சிக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். கல்யாணமான புதிதில் லாரியில் போகும்போது நான் என்னை மறந்து பாடினேன். அந்த மனுஷன் வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்துவிட்டார். "சத்தமா இருக்கு. நீ முதல்லேருந்து பாடு" என்றார்.

உங்கள் கேள்விக்குப் பதில்: தெரியும். பாட்டு முப்பது அடி இல்லை. அறுபத்து மூன்று அடி. அதில் 'ம' என்று ஒரு அடி கிடையாது. பாடியவளுக்குப் பெயர் உண்டு. பர்னி ஷிர்வா. அவள் வாயிலிருந்து என் அம்மா கின்ஸிக்கு வந்தது, அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. எண்பத்தெட்டில் ஊரில் குண்டு விழுந்தபோது என் தையல் மெஷின் எரிந்தது, கல்யாணத் துணி எரிந்தது, உங்கள் பழைய கடிதங்களும் எரிந்தன. எல்லை தாண்டி முகாம்வரை நடந்தேன். இந்தப் பாட்டை மட்டும் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

எழுதி அனுப்ப மாட்டேன். இது காதால் வாங்குகிற பொருள்.

யூசுஃபின் மகள் அம்பரோ

•

தார் எஸ் சலாம்
15 மார்ச் 1998

அன்புள்ள அம்பரோவுக்கு,

உன் கடிதம் வந்தது. அன்று சமையலறையில் சொன்னதை மறந்துபோயிருந்தேன். நீ எழுதியதும் என் குரலே எனக்குக் கேட்டது. வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் இல்லை.

ஆனால் வெட்கத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அறுபத்து மூன்று அடி. லண்டனில் இரண்டு கோடைகாலம் தூசிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு அந்த ஒரு குறிப்பேட்டைத் தேடினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், தொடுவதற்குக் கையுறை கொடுத்தார்கள். அதைவிட இரண்டு மடங்கு, முழுசாக, பெயரோடு, என் வீட்டு அடுப்படியில் இருந்திருக்கிறது. நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. இதை எப்படித் தாங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுத விருப்பமில்லை என்றால் ஜிப்ரிலிடம் ஒரு டேப் ரெக்கார்டரும் காலி கேசட்டும் அனுப்புகிறேன். ஒரு தடவை பாடிப் பதிவு செய்தால் போதும். உன் பெயரை நன்றியுரையில் முதல் பெயராகப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அந்த ஏழு அடியை மாற்றியது தாத்தாதானா? மாற்றியிருந்தால் பர்னியைச் சவுக்கடியிலிருந்து காப்பாற்றத்தான் மாற்றியிருப்பார். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவாலே ஒரு கையால் வெள்ளைக்காரனுக்கு எழுதிக்கொடுத்து மறு கையால் நம்மைக் காத்தார் என்பார்கள். என் புத்தகத்தின் முதல் வரியே அதுதான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சமதர்

•

புராவோ
2 ஏப்ரல் 1998

சமதருக்கு,

அமைதி உண்டாகட்டும். டேப் ரெக்கார்டரை ஜிப்ரிலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அதில் ஒட்டகச் சந்தை விலையைப் பதிவு செய்து விளையாடிக்கொண்டிருக்கிறார்.

ஏன் வேண்டாம் என்றால், அந்தப் பெட்டிக்கு மறதி கிடையாது, அதனால் வெட்கமும் கிடையாது. யார் பாட்டு என்று கேட்டால் சொல்லாது. நம் வழக்கம் உங்களுக்கே தெரியும். பாட்டைச் சொல்கிறவர் முதலில் இது இன்னாருடையது, இன்ன நாளில் இன்னதற்காகப் பாடியது, இன்னார் வழியாக என்னிடம் வந்தது என்று சொல்ல வேண்டும். நடுவில் மறந்தால் நிறுத்திவிட வேண்டும். தன் சொல்லைப் போட்டு ஓட்டையை அடைக்கிறவன் திருடன். ஆண்களின் பாட்டுக்கு ஊரே இதைக் காவல் காக்கும். பெண்கள் பாட்டுக்கு நாங்களே காவல்.

இப்போது உங்கள் தாத்தா. எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். கேட்டுவிட்டீர்கள், எனவே சொல்கிறேன்.

அந்த வருடம் மழை பொய்த்தது. தெற்குக் கிணற்றைப் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளுக்கென்று அதிகாரி மூடிவிட்டான். பர்னி கைக்குழந்தையோடு நடந்து வந்து, கூடாரத்துக்கு முன்னால் நின்று பாடினாள். கிணற்றைத் திற என்று கேட்டாள், திறக்காதவனுக்கு என்ன நேரும் என்றும் சொன்னாள். அதிகாரி திரும்பி உங்கள் தாத்தாவிடம், என்ன பாடுகிறாள் என்று கேட்டான். தாத்தா, உங்களைப் புகழ்ந்து பாடுகிறாள் துரையே என்றார். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுதிக்கொள்கிறேன், சொல் என்றான். தாகத்தையும் நடந்து வந்ததையும் பற்றிய அடிகளை அப்படியே சொன்னார். அவனைச் சுட்ட ஏழு அடிக்கு மட்டும் சொந்தமாகக் கட்டினார். மழை போல் வந்தவனே, மலை போல் நின்றவனே. அவசரத்தில் 'ந' கிடைக்கவில்லை, பாவம். நீங்கள் கலகம் என்று எழுதியது அந்த அவசரத்தைத்தான்.

புகழ்ந்தவளுக்கு அதிகாரி ஒரு வெள்ளைத் துணி பரிசு கொடுத்தான். கிணறு திறக்கவில்லை. நான்காம் நாள் குழந்தை இறந்தது. அந்தத் துணியில்தான் சுற்றிப் புதைத்தாள். தாத்தா அடிகளை மாற்றிச் சொன்னதை ஒரு சிப்பாய் அவளிடம் சொன்ன பிறகு மீதிப் பாட்டைக் கட்டினாள். அதில் உங்கள் தாத்தா பெயர் இருக்கிறது.

நன்றியுரை எனக்கு வேண்டாம். மூன்று பெயரை மேடையில் சொல்ல வேண்டும். பாடிய பர்னி, காத்த கின்ஸி, மாற்றிய அவாலே. சம்மதம் என்றால் வாருங்கள், காதில் தருகிறேன். இல்லை என்றால் உங்கள் முப்பது அடியோடு டக்கார் போய் வாருங்கள். உங்கள் புத்தக அட்டையில் மூன்றாவது பெயர் அவர் பெயர்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அம்பரோ

•

தார் எஸ் சலாம்
7 ஜூன் 1998

அன்புள்ள அம்பரோவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த பேரீச்சம்பழத்தை ஜிபூட்டி வரையில் காப்பாற்றினேன். அதன் பிறகு விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சாப்பிட்டுவிட்டார்.

உன் கடையில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு நாளை இன்னும் என்னால் நிதானமாக நினைக்க முடியவில்லை. நீ கண்ணை ஊசியிலிருந்து எடுக்கவே இல்லை. மெஷினை மிதித்துக்கொண்டே முதல் அடியைச் சொன்னாய். 'நீர் கேட்டு வந்தேன், நிழல் கேட்டு வரவில்லை.' அதுவரை நான் இலக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்தது என்ன என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு பாட்டு ஒரு மனுஷியின் உடம்பில் இப்படிக் குடியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு சொல் தவறினால் நீ என்னை முதல் அடிக்குத் துரத்தினாய். முப்பதாவது அடியில் தவறினாலும் முதல் அடிதான்.

அதைவிட உன் வாடிக்கைக்காரிகள். அந்தக் குண்டு அம்மாள், சோளம் விற்கிறவர், என்னைப் பார்த்து, "ஐயா, அந்த எடத்துல மூச்சு விடாதீங்க. அங்க பர்னிக்கு அழுகை வந்துச்சு, மூச்சு விடல" என்றாரே. எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர் அதை எங்கே கற்றார் என்று கேட்டேன். "சும்மா, இங்க துணி தைக்கக் குடுக்க வரப்ப காதுல விழுந்ததுதான்" என்றார்.

தாத்தாவைப் பற்றிய அடிகளை நீ சொன்ன அன்று நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நீ கூப்பிடவில்லை. கூப்பிடாததற்கு நன்றி. 'நடுவில் நின்ற அவாலே, நாவை விற்றாயே. நான் கொடுத்த நெருப்பை நீ நெய்யாக்கினாய்.' இப்போதும் நடக்கும்போது அந்த அடிக்கு வந்தால் கால் நின்றுவிடுகிறது.

இங்கே வந்ததும் என் அண்ணனிடமிருந்து ஆள்மூலம் செய்தி வந்திருக்கிறது. நான் புராவோ வந்ததும் எதற்காக வந்தேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "தாத்தா பேரை மேடையில இழுத்தேன்னா, உன் பேருலேருந்து மூணாவது பேரை எடுத்துடு. எங்க வீட்டுச் சாவுக்கும் வராத, கல்யாணத்துக்கும் வராத" என்கிறார். புத்தகம் போனால் போகிறது. அண்ணன் போவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்வேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். பயமில்லை என்று வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. எண்ணிப் பார்த்தேன். என்னிடம் இருப்பது அறுபத்தோரு அடி. நீ அறுபத்து மூன்று என்று எழுதியிருந்தாய்.

சமதர்

•

புராவோ
29 ஜூலை 1998

சமதருக்கு,

அமைதி உண்டாகட்டும். இங்கே மழை பெய்துவிட்டது. பள்ளிச் சீருடை தைக்கிற காலம், மூச்சுவிட நேரமில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் தாத்தா பயந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. வெள்ளைக்காரனுக்கு முன்னால் நிற்கிறவன் பயப்படுவான். நானும் பயந்திருப்பேன். பயந்ததற்காக பர்னி அவரைச் சபிக்கவில்லை. பயத்தின்மேல் புகழ்ச்சியைப் பூசி, அதை அவள் பெயரில் எழுதி வைத்தாரே, அதற்குத்தான். நீங்கள் அவரை வீரராக்கிப் புத்தகம் போட்டதும் அதே பூச்சுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரை பயந்த மனிதராகவே விட்டுவிட்டால் உங்கள் அண்ணனுக்கும் ஒருநாள் நிம்மதி வரலாம். வராமலும் போகலாம். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

தினமும் ஒருமுறை முழுசாகச் சொல்லிப் பாருங்கள். முகம் கழுவும்போது வேண்டாம், தண்ணீர்ச் சத்தத்தில் தவறு தெரியாது. மேடையில் மறந்தால் நிறுத்துங்கள். எத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தாலும் நிறுத்துங்கள்.

அறுபத்தொன்றா அறுபத்து மூன்றா என்று கேட்டீர்கள். எண்ணத் தெரிந்திருக்கிறது, நல்லது. மீதியைப் பிறகு பார்க்கலாம்.

அம்பரோ

•

டக்கார்
19 செப்டம்பர் 1998

அன்புள்ள அம்பரோவுக்கு,

முந்தாநாள் காலை பேசினேன். நேற்று முழுவதும் கடலோரம் நடந்தேன். இன்றுதான் எழுத முடிகிறது.

பெரிய மண்டபம். இபாதானிலிருந்து, நைரோபியிலிருந்து, கெய்ரோவிலிருந்து என்று முந்நூறு பேர். எல்லோர் காதிலும் ஒரு கருவி. பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பேசப் பேசப் பிரெஞ்சில் மாற்றிச் சொல்வாள். பெயர் அவா. தொடங்குவதற்கு முன் கூண்டுக்குப் போய் அவளிடம், பாட்டு முழுவதையும் என் ஆங்கில உரைநடையில் எழுதிக் கொடுத்தேன். "எங்க வேலை கஷ்டமானது ஐயா, நடுவுல நிக்கிறவங்களை யாருக்கும் பிடிக்காது" என்றாள். என் தாத்தாவும் அதே வேலைதான் பார்த்தார் என்றேன்.

மேடையில் கட்டுரையை எடுக்கவில்லை. நம் வழக்கப்படி தொடங்கினேன். "இந்தச் சொற்கள் பர்னி ஷிர்வாவுடையவை. மூடிய கிணற்றுக்கு முன்னால் நின்று பாடியது. கின்ஸி வழியாக, புராவோவில் தையல் கடை வைத்திருக்கும் அம்பரோ யூசுஃப் வழியாக என்னிடம் வந்தது. இதை மாற்றி எழுத வைத்தவர் மொழிபெயர்ப்பாளர் அவாலே. நான் சமதர் லிபான் அவாலே, அவருடைய பேரன். மாற்றியதைக் கலகம் என்று புத்தகம் எழுதியவனும் நான்தான்." முன்வரிசையில் என் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த ஒருவர் அதை மெல்ல மடியில் கவிழ்த்து வைத்தார்.

பிறகு பாடினேன். எனக்குக் குரல் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் ஐந்தாறு அடி போனதும் அது என் குரலாக இல்லை. கருவியில் பிரெஞ்சு கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அதைக் காதிலிருந்து கழற்றினார்கள். ஒரு சொல்லும் புரியாமல், 'ந' வந்து வந்து விழுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சோளக்கார அம்மாள் சொன்ன இடத்தில் நான் மூச்சு விடவில்லை. மண்டபமும் விடவில்லை.

நாற்பதாம் அடி வந்தது. 'நின் வம்சத்து நாவில் என் சொல் நிலைக்காது.' சொன்னேன். நாற்பத்தோராம் அடி வரவில்லை.

முகம் கழுவும்போதும், பேருந்திலும், விமானத்திலும் நூறு தடவை சொன்ன அடி. போய்விட்டது. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அம்பரோ, அப்போது நடந்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். என் நாக்கில் வேறோர் அடி வந்து நின்றது. 'ந'வில்தான் தொடங்கியது. நல்ல அடி. அளவும் சரியாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு நாற்பத்திரண்டுக்குப் போயிருக்கலாம். அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அன்று கூடாரத்துக்கு முன்னால் தாத்தா எங்கே நின்றார் என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. எவ்வளவு சுலபம் என்பதும் தெரிந்தது.

நிறுத்தினேன். "மறந்துவிட்டேன். மீதி புராவோவில் அம்பரோவிடம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

யாரும் கைதட்டவில்லை. கூண்டில் அவாவும் நிறுத்திவிட்டாள். அவள் கையில் முழுப் பாட்டின் பொருளும் எழுத்தில் இருந்தது, மேலே வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை, காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, முந்நூறு பேர் அந்த ஓர் அடி இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. பெண்களின் மௌனம் என்று நான் எழுதியதெல்லாம் அதன் பக்கத்தில் வெறும் சத்தம்.

பிறகு இபாதான் பேராசிரியர் ஒருவர் வந்து தோளில் கை போட்டார். "நாமெல்லாம் வெள்ளைக்காரன் என்ன எழுதி வச்சான்னு தேடித் தேடிப் பதில் சொல்லிட்டிருந்தோம்யா. வீட்டுல யாரு பாடிட்டிருந்தாங்கன்னு கேக்கவே இல்ல. நான் ஊருக்குப் போயி எங்கக்காவைக் கேக்கணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அண்ணனுக்குச் செய்தி போயிருக்கும். புத்தகத்தைத் திரும்பப் பெறச் சொல்லிப் பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். பர்னியின் சாபம் பலித்துவிட்டது என்று நினைக்கிறேன். அவாலே வம்சத்து நாவில் அவள் சொல் நிற்கவில்லை. வருத்தப்பட்டு எழுதவில்லை. அவ்வளவு பெரிய ஒன்று என்னைத் தொட்டுவிட்டுப் போனதே என்று திகைப்பில் எழுதுகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. அன்று சமையலறைக்குள் எட்டிப் பார்த்ததற்கு இப்போது கேட்கிறேன். பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

சமதர்

•

புராவோ
25 அக்டோபர் 1998

சமதருக்கு,

அமைதி உண்டாகட்டும். உங்கள் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நாற்பதாம் அடிக்கு வந்ததும் சோளக்கார அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "நிறுத்துனாரா? அவாலே பேரனா நிறுத்துனாரு?" என்று மூன்று முறை கேட்டார். நிறுத்தினார் என்றேன்.

நாற்பத்தோராம் அடியை எழுத மாட்டேன். அது எப்போதும்போல் என்னிடம் இருக்கிறது, வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்த கடைசி இரண்டு அடியை எழுதுகிறேன். என் அம்மா இதைக் கொடுக்கும்போது, "இது எல்லாருக்கும் இல்ல. அவாலே வீட்டுலேருந்து ஒருத்தர் பாட வந்து, மறந்து, பொய் சொல்லாம நின்னா, அவங்களுக்கு மட்டும்" என்றாள். உங்களைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டேன். பர்னி விடவில்லை போலிருக்கிறது. இவற்றைக் காகிதத்தில் எழுதினால் பரவாயில்லை, இவை உங்களுக்கு மறக்காது.

நினைவு நின்ற இடத்தில் நீயும் நின்றாயா,
நிழலில் வந்து உட்கார், நீர் இறைத்துத் தருகிறேன்.

அம்பரோ